பெரியநாயகியின் இரும்புக் கோடு

1987 செப்டம்பர் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. பெரியநாயகி அந்த உறையைப் பிரித்தபோது காலை மணி பத்து இருக்கும். பத்தேகாலுக்கெல்லாம் அவளுடைய நான்கு வருட வேலை கண்ணெதிரே செத்துக் கிடந்தது.

தியாகதுருகத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் அவள் ஊர். அப்பா ஆதிமூலத்துக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலை போடுவார், மழை கைகொடுத்தால் பின்னாடியே கம்பு. அந்த வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடம், கடலூர்க் கல்லூரி, பிறகு சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி என்று போனவள் பெரியநாயகி. வயது இருபத்தாறு. ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "எக்ஸ்ரே" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். அதைக் கேட்டுவிட்டு வீங்கிய முழங்காலோடு வந்து ஏமாந்து போனவர்களும் உண்டு.

அவள் பார்த்த எக்ஸ்ரே வேறு. ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானை ஓர் எலக்ட்ரான் சுற்றுகிறது. அந்த எலக்ட்ரானுக்குப் பதிலாகக் கேயான் என்ற துகளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? கேயான், எலக்ட்ரானைப் போல ஆயிரம் மடங்கு கனம். அதனால் புரோட்டானுக்கு மிக நெருக்கத்தில் சுற்றும். நொடியில் கோடியில் ஒரு பங்குகூட முழுதாக உயிரோடு இருக்காது. அதற்குள் படிப்படியாக உள்ளே விழும். விழும் ஒவ்வொரு படிக்கும் ஓர் எக்ஸ்ரே வெளியே வரும். மின்விசை மட்டும் வேலை செய்தால் கடைசிப் படியின் எக்ஸ்ரே எங்கே வரவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்: ஆறு புள்ளி நாலு எட்டு கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் வல்விசையும் கை வைக்கும். கோடு இடம் மாறும். மேலே போகிறதா, கீழே வருகிறதா, எவ்வளவு என்று அளந்தால் அந்த விசையின் குணமே தெரிந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். உலகத்தில் அதுவரை மூன்று குழுக்கள் அளந்திருந்தன. மூன்றுமே கோடு மேலே போகிறது என்றன. வேறு வகைச் சோதனைகளிலிருந்து போட்ட கணக்கெல்லாம் கீழே வரவேண்டும் என்றது. எது பொய் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியநாயகியின் பேராசிரியர் ராஜாங்கம், வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் எடுத்த புதிய பதிவுகளைக் காந்த நாடாவில் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். நான்கு வருடம் சலித்துச் சலித்து அவள் ஒரு கோட்டைக் கண்டெடுத்தாள். ஆறு புள்ளி நாலு. எண்பது எலக்ட்ரான்வோல்ட் கீழே! ராஜாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வருகிற திங்கட்கிழமை பம்பாயில் ஒரு மாநாடு. அதில் அறிவிப்பதாக ஏற்பாடு. "நீ ஊருக்குப் போய் நல்லாத் தூங்கிட்டு வாம்மா" என்று அவளைப் புதன்கிழமை பஸ் ஏற்றிவிட்டார்.

விடுதியை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வந்த தபால்தான் அந்த உறை. ஜூன் மாதத்தில் அவள் அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ஹைட்ரஜனை அடைத்து வைத்த பாத்திரத்தின் ஒவ்வொரு பாகமும் எதனால் செய்தது? "எல்லாம் அலுமினியம்தான், தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குக் கடுதாசி" என்று ராஜாங்கம் அப்போது சலித்துக்கொண்டார். முடிவு வந்த பிறகு அவளுக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. பையில் போட்டு மறந்துவிட்டாள். வியாழன் முழுக்க அம்மா செல்லியம்மாளோடு உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்தாள்.

கடிதத்தில் பத்து வரிதான். பாத்திரம் அலுமினியம். மூடி அலுமினியம். மூடியைத் தாங்கும் வளையம், கசிவு காரணமாகக் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது: எவர்சில்வர் எஃகு.

எஃகு என்றால் இரும்பு. இரும்பின் மீது கனமான துகள் ஏதாவது மோதினால் இரும்பும் ஓர் எக்ஸ்ரே விடும். அதன் இடம் எது என்று பார்க்க அவளுக்குப் புத்தகம் தேவையில்லை. ஆறு புள்ளி நாலு.

பையிலிருந்து கம்ப்யூட்டர் தாளை எடுத்து நடுவீட்டில் விரித்தாள். இரும்பாக இருந்தால் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கோடும் இருக்கவேண்டும்: ஏழு புள்ளி பூஜ்யம் ஆறில், முதலாவதில் எட்டில் ஒரு பங்கு உயரத்தில். அங்கே ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. கேயான் அணுவுக்கு அந்த இடத்தில் கோடே கிடையாது என்பதால் இரைச்சல் என்று அவளே ஒதுக்கிய புடைப்பு. எண்ணிப் பார்த்தாள். எட்டில் ஒரு பங்கு. எவர்சில்வரில் குரோமியமும் உண்டே என்று ஐந்து புள்ளி நாலுக்குப் போனாள். அங்கேயும் இருந்தது.

வல்விசை தொட்ட கோடு அகலமாகப் பரவி இருக்கவேண்டும். இது ஏன் ஊசி போல இருக்கிறது என்று முன்பே அவளுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. பதிவு குறைவு, போகப் போகச் சரியாகும் என்றார் ராஜாங்கம். அவளும் நம்பினாள். நம்பவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. நான்கு வருடமாக அவள் இரவு பகலாக அளந்தது ஒரு வளையத்தை.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி குந்திக்கினு இருக்கற?" என்றாள் செல்லியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. தந்தி ஆபீஸுக்குப் போவணும்."

போவது எப்படி? முந்தின நாள்தான் மறியல் தொடங்கியிருந்தது. தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் முழுவதும் ஒரு வாரச் சாலை மறியல். அவள் தம்பி அய்யப்பன் அதில் முன்வரிசை. பி.காம். முடித்து மூன்று வருடம். சர்க்கார் குமாஸ்தா பரீட்சையில் இரண்டே மார்க்கில் வேலை போனதிலிருந்து அவன் பழைய அய்யப்பன் இல்லை. கஞ்சி குடிக்க வந்தவனிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"பஸ்ஸு கெடையாதுக்கா. ஒரு வாரத்துக்கு ஈ காக்கா போவாது."

"சைக்கிள்ல இட்டுக்கினு போடா."

"மரம் கெடக்குது. சைக்கிளத் தூக்கிக்கினுதான் தாண்டணும்."

"எத்தினி மரம் இருக்கும்?"

"நம்ம ஊரு ஆளுங்க வெட்னது மட்டும் பதினேழு" என்றான். குரலில் பெருமை இருந்தது.

தந்தி ஆபீஸ் இருந்த கள்ளக்குறிச்சி எட்டு மைல். சாலையைப் பார்த்ததும் பெரியநாயகி சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் கூரை போட்டதுபோல நின்ற புளியமரங்கள் வேரடியில் வெட்டுப்பட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பச்சை இலை இன்னும் வாடவில்லை. சாலையில் அப்படி ஒரு வெயிலை அவள் பார்த்ததில்லை. ஒரு மரத்தடியில் நான்கு பேர் ஒரு கட்டிலை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கட்டிலில் ஒரு பெண், நிறைமாதம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். களமருதூரில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளாம். அடிமரம் இடுப்புயரம். கட்டிலைச் சாய்க்காமல் தாண்டத் தெரியாமல் திகைத்து நின்றார்கள்.

அய்யப்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மரத்தின் மேல் ஏறி நின்று கட்டிலின் தலைப்பக்கத்தை வாங்கி, மறுபக்கம் இறக்கிவிட்டான்.

அந்தப் பெண்ணின் புருஷன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க வெட்னதுதானா?"

அய்யப்பன் அடுத்த மூன்று மரங்களுக்கும் கட்டிலோடேயே நடந்தான். பெரியநாயகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள்.

தந்தி ஆபீஸில் குமாஸ்தா அந்தோணிதாஸ் மட்டும் இருந்தார். கையைப் பிசைந்தார்.

"லைன் இல்லீங்கம்மா. மரம் வுழுந்தப்போ கம்பியையும் இழுத்துக்கினு வுழுந்துடுச்சி. டிரங்க் காலும் அதே கம்பிதான்."

"வேற வழியே இல்லீங்களா? மெட்ராஸுக்கு ஒரு சேதி போனாப் போதும். எங்க சார் நாளைக்கு சாயங்காலம் ரயிலேறிடுவாருங்க."

"போலீஸ் வயர்லெஸ் ஒண்ணுதான் பேசுது. கேட்டுப் பாருங்க."

வாசலில் நின்ற அய்யப்பனுக்கு முகம் செத்துப்போனது. "போலீஸ்கிட்டயா? வாணாங்க்கா. எம் பேரு லிஸ்ட்ல இருக்குது."

"உன் பேர நான் ஏன்டா சொல்றேன்?"

"உனக்கு அவ்ளோ முக்கியமா அது?"

"திங்கக்கெழம எங்க சார் ஊரறியப் பொய் சொல்லப்போறாருடா. பொய்யின்னு அவருக்கே தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவனுக்கு அது முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பின்னால் கூட்டாளியின் பஞ்சர் கடையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியூர்ப் போலீஸ் தங்கியிருந்தது. அதிகாரி ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியநாயகி எழுதி வைத்திருந்த சேதியை நீட்டினாள். இங்கிலீஷில் மூன்று வரி. திங்கட்கிழமை அறிவிப்பை நிறுத்துங்கள். லைன் இரும்பு. கேயான் இல்லை.

அதிகாரி இரண்டு தரம் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எந்த லைன்? ரயில் லைனா?"

"இல்லீங்க சார். எக்ஸ்ரே லைன்."

"கேயான் யாரு?"

"ஆளு இல்லீங்க சார். அது ஒரு துகள்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அவள் பையை வாங்கிக் கவிழ்த்தார். மடிப்பு மடிப்பாகக் கம்ப்யூட்டர் தாள் சரிந்தது. பக்கம் பக்கமாக எண்கள். "இது என்ன சங்கேதம்? எந்தெந்த இடத்துல தண்டவாளத்தைப் பேர்க்கப் போறீங்க?" இப்படி ஓர் அர்த்தம் அதற்கு வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் மேஜை மேலேயே தாளை விரித்து, அவருடைய பேனாவையே வாங்கி, சொல்ல ஆரம்பித்தாள். கேயான் எங்கே விழுகிறது, கோடு எங்கே வரவேண்டும், எங்கே வந்தது, வளையம் எப்படி ஏமாற்றியது. அரை மணி நேரம் ஆயிற்று. கெட்டிக்கார மனிதர்தான்; பி.எஸ்சி. படித்தவராம். ஏழு புள்ளி பூஜ்யம் ஆறில் இருந்த புடைப்பின் மேல் அவராகவே விரலை வைத்தார்.

"அப்போ இதுதான் காட்டிக் கொடுத்துச்சு."

"ஆமாங்க சார்."

"சரி. அனுப்பலாம். உன் பேரு, ஊரு, அப்பா பேரு?"

சொன்னாள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார்.

"ஆதிமூலம் மகன் அய்யப்பன். உனக்குத் தம்பியா?"

அவள் பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

"அவன் எங்க இருக்கான்னு சொல்லு. அஞ்சு நிமிஷத்துல உன் சேதி மெட்ராஸுக்குப் போயிடும்."

அவர் சத்தமே போடவில்லை. அதுதான் அவளை அதிர வைத்தது. கடைக்காரர் பொட்டலம் மடித்துக் கொடுப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பஞ்சர் கடை அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு ராஜாங்கம் மேடை ஏறுவதும் தெரிந்தது, தம்பி மரத்தின் மேல் நின்று கட்டிலை வாங்கியதும் தெரிந்தது.

"தெரியாதுங்க சார்."

"அப்போ எனக்கும் வயர்லெஸ் வேலை செய்யுதான்னு தெரியாது."

சாயங்காலம் வரை அவளை மண்டபத்திலேயே உட்கார வைத்து, பிறகு தாளோடு அனுப்பிவிட்டார். பஞ்சர் கடைப் பக்கம் போகாமல் எட்டு மைலும் நடந்து வந்தாள். வழி நெடுக மரங்களைத் தாண்டியதில் புடவை நுனி கிழிந்து நார் நாராக ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகம் சாலையில் தடியடி. அய்யப்பனின் இடது மணிக்கட்டை நொறுக்கி, கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு, பிணம் விழுந்தது என்று ரேடியோ சொல்லிற்று. செல்லியம்மாள் அடித்துக்கொண்டு அழுதாள். ஆதிமூலம் கொல்லையில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெரியநாயகி கடிகாரத்தைப் பார்த்தாள். பம்பாயில் அவர் எழுந்து நிற்கும் நேரம்.

வழி திறந்ததும் அப்பா கடலூருக்குப் போனார். அவள் சென்னைக்குப் போனாள். ராஜாங்கத்தின் அறையில் யாரோ போட்ட சந்தன மாலை இன்னும் தொங்கியது. மேஜையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை. எட்டாம் பக்கத்தில் அவர் படம். "வாம்மா வாம்மா" என்று எழுந்தவரிடம் கடிதத்தைக் கொடுத்தாள். படித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குரோமியம் பாத்தியா?"

"பாத்தேன் சார். அஞ்சு புள்ளி நாலுல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகத்தை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை. பத்து வயது கூடியிருந்தது.

இரும்பின் பங்கைக் கழித்துவிட்டு முழுவதையும் மறுபடி கணக்குப் போட்டாள். மிச்சம் பதினோரு பதிவு. பிழை வரம்பு கூடவோ குறையவோ பத்தொன்பது. அதாவது, ஒன்றுமில்லை. உடனே எழுதி வாபஸ் வாங்கலாம் என்றாள். பொறு, பார்க்கலாம், இன்னொரு தடவை, என்று அவர் பத்து நாள் தள்ளினார். பதினோராம் நாள் டைப் அடித்த வாபஸ் கடிதம் அவள் கையெழுத்துக்கு வந்தது. இரண்டாம் பத்தியை இரண்டு தரம் படித்தாள். "ஆராய்ச்சி மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை" என்று இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், ஜூன்ல நான் கேட்டேன். நீங்க வேணாம்னீங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்ற வாக்கிலேயே அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டாள். கீழே கையெழுத்திட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் அந்த அடித்த வரியைப் பார்த்தார்; தானும் கையெழுத்துப் போட்டார். அப்படியே போயிற்று கடிதம், அடித்தல் திருத்தலோடு.

ஆய்வேடு இல்லாமல் போனது. வேறு தலைப்பில் மறுபடி தொடங்க உதவித்தொகை இல்லை. ஊர் திரும்பி பி.எட். படித்தாள். எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீத ஒதுக்கீடு வந்தது. அந்த வரிசையில்தான் தொண்ணூற்றொன்றில் அவளுக்குச் சங்கராபுரம் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்தது. மறு வருடம் அய்யப்பனுக்குத் தாலுக்கா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை; டைப்ரைட்டரை ஒன்றரைக் கையால் அடிப்பான். ஆர்டர் வந்த அன்று அக்காவிடம் கேட்டான்.

"அன்னிக்கு ரோடு இருந்திருந்தா உன் படிப்பு தப்பிச்சிருக்குமாக்கா?"

"தந்தி போயிருந்தா அவரு மேடையேறி அசிங்கப்படாம இருந்திருப்பாரு. படிப்பு போனது போனதுதான். அது இரும்புடா. நீ வெட்டினாலும் வெட்டாட்டியும் இரும்புதான்."

"அந்த மண்டபத்துல நீ சொல்லியிருந்தா..."

"சோறு ஆறுது, துன்னு" என்றாள்.

தொண்ணூற்றேழு கடைசியில் பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவர் ராஜாங்கம். பத்து வருடத்தில் அவரிடமிருந்து வந்த முதல் தபால். உள்ளே ஜப்பானில் நடந்த புதிய சோதனையின் அறிக்கை, ஜெராக்ஸ் பிரதி. கேயான் ஹைட்ரஜனின் கோட்டை இந்தத் தடவை ஐயத்துக்கு இடமில்லாமல் பிடித்துவிட்டார்கள். இடம் மாறிய அளவு முந்நூற்றிருபத்து மூன்று எலக்ட்ரான்வோல்ட். கீழே. பழைய மூன்று குழுக்களும் சொன்ன திசை தவறு. அறிக்கையின் தலையில் நடுங்கிய கையெழுத்தில் ராஜாங்கம் எழுதியிருந்தார்: "நாம் சொன்ன திசைதான், அம்மா."

பெரியநாயகி ஆசிரியர் அறையில் நின்றபடியே படித்தாள். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் ஜெஸி பயந்துபோனாள்.

"இன்னா டீச்சர், ஊர்லேர்ந்து எதுனா துக்கச் சேதியா?"

இல்லை என்று தலையசைத்தாள். பிறகு அவளிடம், பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாத அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

ஜெஸிக்குக் கண் விரிந்தது. "அப்ப நீங்க சொன்னதுதானே கரெக்டு? அடப் பாவமே, ஒரு பத்து வருஷம் வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கு உங்க பேருதானே இதுல மொதல்ல வந்திருக்கும்?"

"இல்ல ஜெஸி. எங்க கோடு மேலன்னும் சொல்லல, கீழன்னும் சொல்லல. அது வளையத்தப் பத்தித்தான் சொல்லிச்சி. இவங்கதான் நெஜமாப் பாத்திருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மண்டபத்தில் வராதது, ராஜாங்கத்தின் அறையில் வராதது. துக்கமா, சந்தோஷமா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பதில் எங்கேயோ இருந்திருக்கிறது, யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எடுத்தாள்.

அடுத்த பீரியட் மணி அடித்தது. பன்னிரண்டாம் வகுப்பு அவளுக்கு. ஜெஸி சாக்பீஸ் டப்பாவைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க படிங்க டீச்சர். நான் போய் அதுங்களுக்கு ரெண்டு கணக்குப் போட்டுக்கினு இருக்கறேன்."